சம்பள ஜப்தியும் மஞ்சள் கடுதாசியும்: வடசென்னைத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கமிருந்து கோர்ட் காகிதத்தோடு சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "ஐ.பி. குடுத்துடறேன், மனு எழுதிக் குடுங்க" என்பதுதான் முதல் பேச்சு. ஐ.பி. என்றால் கடனைக் கட்ட முடியாதவர் கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு; மஞ்சள் கடுதாசி என்பதும் அதுதான். சம்பளத்தில் கை வைத்துவிட்டார்கள் என்றதும் வரும் பயம் அது. ஆனால் சம்பளத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எத்தனை மாதம் எடுக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான வரம்பு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் திவால் மனுவுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஜப்தி பற்றிய கேள்விகளை முதலிலும், ஐ.பி. பற்றியவற்றைப் பிறகும் வைத்திருக்கிறேன்.

கடன் குடுத்தவன் நேரா கம்பெனிக்கு லெட்டர் போட்டு என் சம்பளத்தைப் புடிக்க முடியுமா?

முடியாது. வங்கியோ, பைனான்ஸ் கம்பெனியோ, செல்போன் ஆப்போ, யாராக இருந்தாலும் முதலில் கோர்ட்டில் வழக்குப் போட்டு டிகிரி, அதாவது கடனைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு, வாங்க வேண்டும். அதன்பிறகு அதை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட வேண்டும். அதில் கோர்ட் உத்தரவு போட்டு, அது சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரிக்கு வந்தால்தான் பிடித்தம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21வது கட்டளையில் 48வது விதி அரசு, ரயில்வே, உள்ளாட்சி ஊழியர்களுக்கானது. 48அ விதி தனியார் கம்பெனி ஊழியர்களுக்கானது. "உங்க எச்.ஆருக்கு மெயில் போட்டாச்சு, அடுத்த மாசம் சம்பளம் வராது" என்று போனில் மிரட்டுகிறவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. ஒன்று, பைனான்ஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தர் தீர்ப்பு வாங்குவது. அந்தத் தீர்ப்பையும் டிகிரி மாதிரியே நிறைவேற்றலாம். இரண்டு, சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவாளர் கொடுக்கும் தீர்ப்பு. மூன்று, கூட்டுறவு கடன் சங்கத்தில் கடன் வாங்கும்போது சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதம். அது ஜப்தி அல்ல. உங்கள் ஒப்புதலோடு நடக்கும் பிடித்தம்.

சரி, கோர்ட் ஆர்டர் வந்துடுச்சு. எவ்வளவு புடிப்பாங்க?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு சொல்வது இது: முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. பாக்கி மூன்றில் ஒரு பங்குதான் ஜப்திக்கு உட்பட்டது.

மாதச் சம்பளம் 22,000 என்று வைப்போம். 1,000 போக 21,000. அதில் மூன்றில் ஒன்று 7,000. ஆக அதிகபட்சம் 7,000 பிடிக்கலாம், 15,000 உங்களுடையது. டிகிரி தொகை 50,000 ஆனாலும் 5 லட்சம் ஆனாலும் மாதப் பிடித்தம் இதற்கு மேல் போகாது.

இங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது. இந்தக் கணக்கு கைக்கு வரும் தொகையில் போடப்படுவதில்லை, மொத்த மாத ஊதியத்தில் போடப்படுகிறது. அரசு விலக்கு அளித்த சில படிகள் மட்டும் கழியும். சொசைட்டிக் கடனுக்கு 5,000, எல்.ஐ.சி.க்கு 1,200 என்று ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், மேலே சொன்ன 15,000 உண்மையில் 8,800 ஆகிவிடும். வாடகை 6,000 கொடுக்கிற குடும்பத்துக்கு அது பட்டினிக் கணக்கு. இந்த நிலையில் இருப்பவர்கள் சொசைட்டியில் தவணையைக் குறைத்துக் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுங்கள். கோர்ட் ஜப்தி உத்தரவின் நகலைச் சேர்த்துக் கொடுத்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

நான் ஹார்பர்ல மூட்டை தூக்குறேன். எனக்கும் இந்தக் கணக்குதானா?

இல்லை. தெரியாமல் பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதே 60வது பிரிவில் தொழிலாளர்களின் கூலியும் வீட்டு வேலை செய்பவர்களின் கூலியும் ஜப்தியிலிருந்து முழுக்க விலக்கு பெற்றவை. மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, ஒரு ரூபாயைக் கூடத் தொட முடியாது. தொழிலாளி என்றால் பயிற்சி இல்லாதவர் மட்டுமல்ல. பயிற்சி பெற்றவர், அரைகுறைப் பயிற்சி உள்ளவர் எல்லாரும் அடக்கம் என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. கூலி என்பதில் போனசும் சேரும்.

துறைமுகத்தில் சுமை தூக்குபவர், காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், மணலி கம்பெனிகளில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் ஃபிட்டர், எண்ணூர்ப் பட்டறையில் வெல்டர், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா எல்லாரும் இந்த விலக்கைக் கேட்கலாம். மாதச் சம்பளமாக வாங்குகிறார், வங்கிக் கணக்கில் வருகிறது என்பதால் மட்டும் ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. பார்க்க வேண்டியது வேலையின் தன்மை: முக்கியமாக உடலுழைப்பா, இல்லை மேற்பார்வையும் எழுத்து வேலையுமா? சூப்பர்வைசர், கிளார்க், கணக்கர் போன்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். ரயில்வே பட்டறையில் டெக்னீசியன் மாதிரி இடைப்பட்டவர்களுக்கு வாதிட இடம் உண்டு. வாதிடாமல் விட்டால்தான் நஷ்டம்.

விலக்கு தானாக நடக்காது. உத்தரவு கம்பெனிக்கு வந்துவிட்டால் கணக்குப் பிரிவு பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தத் தொகைக்குக் கம்பெனியே பொறுப்பாகும். அதனால் கம்பெனியோடு சண்டை போட்டுப் பயனில்லை. நிறைவேற்று கோர்ட்டிலேயே 47வது பிரிவின் கீழ் ஆட்சேபணை மனு போட வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று காட்டும் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஒப்பந்தக்காரர் சான்று ஆகியவற்றை வைத்துக் கேளுங்கள்.

"விலக்கு எதையும் கோர மாட்டேன்" என்று கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா? அந்த வரி செல்லாது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 60வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

கடன் அடையற வரைக்கும் வருஷக்கணக்கா புடிச்சுக்கிட்டே இருப்பாங்களா?

மாட்டார்கள். ஒரே டிகிரிக்காக விட்டுவிட்டோ தொடர்ந்தோ மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அந்த டிகிரிக்காக உங்கள் சம்பளத்தை மறுபடி ஜப்தி செய்யவே முடியாது. வேறொரு டிகிரி என்றாலும், 24 மாதம் பிடித்த பிறகு 12 மாதம் ஓய்வு கொடுத்துத்தான் அடுத்தது.

மேலே சொன்ன 7,000 ரூபாய்க் கணக்கில் 24 மாதத்துக்கு 1,68,000. டிகிரி 4 லட்சமாக இருந்தால் மீதியை இந்தச் சம்பளத்திலிருந்து எடுக்கும் வழி அத்தோடு முடிந்தது. கடன் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டிகிரியை நிறைவேற்ற 12 வருட அவகாசம் உண்டு, வீடு மனை இருந்தால் அதன் மேல் போகலாம். சம்பளத்தைத் தவிர வேறு சொத்து இல்லாத வாடகை வீட்டுக்காரருக்கு இந்த 24 மாத வரம்பு மிகப்பெரிய பாதுகாப்பு. எத்தனை மாதம் பிடித்தார்கள் என்பதைச் சம்பளச் சீட்டோடு நீங்களே எழுதி வையுங்கள். 25வது மாதம் பிடித்தாலும் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அஞ்சு கடன். அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தா என்னா மிஞ்சும்?

ஆளுக்கு ஒரு பங்கு கிடையாது. ஜப்திக்கு உட்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்கு ஒன்றே ஒன்றுதான். அது முழுவதும் ஏற்கெனவே ஒரு கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால், அடுத்து வரும் உத்தரவைச் சம்பள அதிகாரி விவரத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

வழக்கு போட்டதே எனக்குத் தெரியாது. இப்ப ஜப்தி வந்து நிக்குது.

பழைய முகவரிக்குச் சம்மன் போயிருக்கும், நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள், ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகியிருக்கும். 9வது கட்டளை 13வது விதியின் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாக வரவே இல்லை என்றால், டிகிரி பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும். ஜப்தி உத்தரவைக் கையில் வாங்கிய தேதியைக் காகிதத்தின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மத்தியஸ்தர் தீர்ப்பு என்றால் வழி வேறு. மத்தியஸ்தச் சட்டத்தின் 34வது பிரிவின் கீழ் மூன்று மாதத்துக்குள் எதிர்க்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. வழக்கில் ஆதாயம் உள்ள கம்பெனியே தனி மத்தியஸ்தரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லியிருக்கிறது. வாட்ஸப்பில் வந்த மத்தியஸ்தர் நோட்டீசை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

பி.எப்., கிராஜுவிட்டி, பென்ஷன்?

மூன்றையும் ஜப்தி செய்ய முடியாது. ஓய்வுப் பலன்கள் வங்கிக்கு வந்து வைப்பு நிதியாகப் போட்ட பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கடன் வாங்கிய அதே வங்கியில் சம்பளக் கணக்கும் இருந்தால், ஒப்பந்தத்தைக் காட்டி அவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிவிடுவது நல்லது.

கடன் நான் வாங்கல. சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துதான் போட்டேன்.

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. சீட்டு எடுப்பவரிடம் "கவர்மென்ட் ஆள் ரெண்டு பேர் கையெழுத்து" கேட்கிறார்கள். ரயில்வே, துறைமுகம், மாநகராட்சி வேலையில் இருப்பவர்கள் சொந்தக்காரருக்காகப் போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவரைத் துரத்திப் பிடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்று இல்லை. சம்பளம் நிலையாக வருவது உங்களுக்கு என்றால் உங்களிடம்தான் முதலில் வருவார்கள்.

கடன் வாங்கியவர் ஐ.பி. கொடுத்துக் கடனிலிருந்து விடுதலை பெற்றாலும் ஜாமீன்தாரருக்கு விடுதலை கிடையாது. உங்களிடம் பிடித்ததை அவரிடம் வசூலிக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு உண்டு. அதற்கு ஒவ்வொரு மாதப் பிடித்தத்துக்கும் சான்று வைத்திருங்கள். சொந்தக்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஜீவனாம்சத்துக்கு ஜப்தி வந்தா?

அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மூன்றில் இரண்டு பங்கு போகலாம். 24 மாத வரம்பும் இல்லை. ஐ.பி. கொடுத்தாலும் அது ஒழியாது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணம் என்பதால் சட்டம் அப்படி இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இப்ப ஐ.பி.க்கு வரேன். எங்க குடுக்கறது?

சென்னைக்கு 1909ஆம் வருடத்து மாகாணத் தலைநகர் நொடிப்புச் (திவால்) சட்டம்தான் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மனு பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்றத்தில். உயர் நீதிமன்றம் நேரடியாக வழக்கை எடுத்து விசாரிக்கும் எல்லைக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு 1920ஆம் வருடத்து மாநில நொடிப்புச் சட்டம், அதற்கு மாவட்ட அளவிலான கோர்ட். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் முகவரிக்காரர்கள் எந்த கோர்ட் என்பதை வக்கீலிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லை தப்பினால் மனு திரும்பிவிடும்.

மொத்தக் கடன் 500 ரூபாய்க்கு மேல் இருந்தாலே மனு போடலாம். டிகிரிக்காக உங்கள் சொத்தின் மீது ஜப்தி உத்தரவு நிலுவையில் இருப்பதும் தனியாக ஒரு தகுதி.

மனு போட்ட அன்னைக்கே சம்பளப் பிடித்தம் நின்னுடும்னு வீடியோல சொன்னாங்களே?

அது அமெரிக்கக் கதை. அங்கே திவால் மனு தாக்கலான உடனே பெரும்பாலான வசூல் நடவடிக்கைகள் தானாக நிற்கும். இங்கே அப்படியில்லை. மனு போட்டால் மட்டும் போதாது. உயர் நீதிமன்றம் உங்களை நொடித்தவர் என்று அறிவித்த பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாத நிலை வரும். அதுவரை தடை வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அடமானம் வைத்த வீட்டின் மேலும் நகையின் மேலும் அந்தக் கடன்காரருக்குள்ள உரிமை எப்போதும் அப்படியே இருக்கும்.

அறிவிச்சதும் முழுச் சம்பளமும் கைக்கு வந்துடுமா?

வராமலும் போகலாம். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நொடித்தவர் என்று அறிவித்ததும் உங்கள் சொத்து 'அஃபீஷியல் அசைனி' என்ற கோர்ட் அதிகாரியின் கைக்குப் போகும். சம்பளத்தில் ஜப்திக்கு உட்பட்ட பங்கை எல்லாக் கடன்காரர்களுக்கும் பிரித்துக் கொடுக்க அவரிடம் செலுத்தச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம். அதாவது ஒரு கடன்காரருக்குப் போய்க்கொண்டிருந்த அதே மூன்றில் ஒரு பங்கு எல்லாருக்குமாகப் போகும். சம்பளப் பிடித்தம் ஒன்றை மட்டும் நிறுத்த ஐ.பி. கொடுப்பது பல நேரம் வீண் வேலை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எந்தக் கடன் ஒழியாது?

கோர்ட் விடுதலை உத்தரவு கொடுத்த பிறகும் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை நிற்கும். செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு, அது தன் வழியில் போகும். விடுதலை கிடைக்கும்வரை, 'நான் நொடித்தவர்' என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்குவதே குற்றம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலிலும் நிற்க முடியாது.

ஐ.பி.க்கு முன்னாடி வீட்டை சம்சாரம் பேருக்கு மாத்திடலாமா?

கூடாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நொடித்தவர் என்ற அறிவிப்புக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இனாமாக மாற்றிக் கொடுத்த சொத்தை அஃபீஷியல் அசைனி திரும்ப எடுக்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் மச்சானுக்கு மட்டும் கடனைத் திருப்பிக் கொடுத்து மற்றவர்களை விட்டிருந்தால் அதுவும் செல்லாமல் போகலாம். சொத்தை மறைத்தால் விடுதலை மறுக்கப்படும், சிறைத் தண்டனையும் உண்டு. நேர்மையாகக் கஷ்டப்பட்டவருக்கு உதவ இருக்கும் சட்டத்தில் நீங்களே உங்களைப் பொய்யராக்கிக்கொள்ள வேண்டாம்.

புது திவால் சட்டத்துல ஏழைங்களுக்குக் கடனை மொத்தமா தள்ளிடுவாங்களாமே?

2016ஆம் வருடத்துச் சட்டத்தில் வருட வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் புதிய தொடக்கம் என்று ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தனிநபர் பகுதியில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கான பிரிவுகள் மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளன. அந்த வழியில் மனு போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

தண்டல்காரரும் மீட்டர் வட்டிக்காரரும் வீட்டு வாசல்ல வந்து கத்துறாங்க.

மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் மூன்றும் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடச் சட்டப்படி குற்றம்; மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வங்கி, பைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட உத்தரவு.

கடன் கட்டலைன்னா ஜெயில்ல போடுவாங்களா? அமீனா வாரண்டோட வந்தாரு.

கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காமல் ஏய்க்கிறவருக்குத்தான் சிவில் சிறை. இல்லாமையே குற்றமாகாது என்று 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. சிவில் சிறைக்கு உச்ச வரம்பு மூன்று மாதம். கைதாகிக் கோர்ட்டில் நிறுத்தினால், நொடித்தவராக அறிவிக்கக் கேட்டு நீங்கள் மனு போடலாம் என்பதை நீதிபதியே உங்களிடம் சொல்ல வேண்டும். பிணை கொடுத்து, ஒரு மாதத்துக்குள் மனு போடுவதாகச் சொல்லி வெளியே வரலாம்.

ஐ.பி. குடுத்தா வேலை போயிடுமா?

மத்திய அரசு, ரயில்வே ஊழியர்களின் நடத்தை விதிகளில் ஓயாத கடனும் நொடிப்பும் தவிர்க்கப்பட வேண்டியவை. வழக்கு வந்தால் முழு விவரத்தையும் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பதுதான் பெரிய சிக்கலாகும். நோய், மரணம், தொழில் நஷ்டம் என்று உங்கள் கையை மீறிய காரணத்தால் வந்த கடன் என்றால் அதை ஆவணத்தோடு எழுதிக் கொடுங்கள். தனியார் கம்பெனியில் இருப்பவர்கள் தங்கள் நியமன ஆணையைப் படித்துப் பாருங்கள்.

அப்ப யாருதான் ஐ.பி. குடுக்கணும்?

என் கணிப்பைச் சொல்கிறேன். ஒரே ஒரு டிகிரி, வேறு சொத்து இல்லை, சம்பளம் மட்டும்தான் என்றால் 24 மாதத்தைப் பல்லைக் கடித்துக் கடப்பது நல்லது, அல்லது டிகிரி வாங்கியவரோடு லோக் அதாலத்தில் உட்கார்ந்து ஒரு தொகைக்கு முடிப்பது நல்லது. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் விலக்கைக் கேட்டு வாங்கினாலே போதும். கடைசி வரை கட்டவே முடியாத அளவுக்குப் பலரிடம் அடமானமில்லாக் கடன், வரிசையாக டிகிரிகள், வாரண்ட் பயம், மறைக்க எதுவும் இல்லாத நிலை, இவை எல்லாம் சேர்ந்து இருப்பவருக்கு ஐ.பி. சரியான வழி. வெட்கப்பட ஒன்றுமில்லை. கடனுக்காகக் கயிற்றைத் தேடுகிற எண்ணம் வந்தவருக்கு நான் தயங்காமல் சொல்வது, உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது என்பதுதான். அந்த எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் குடுக்கக் காசு இல்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12வது பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் கிடைக்கும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் உண்டு. இலவச உதவி எண் 15100. நேரில் போகிறவர்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போங்கள். ஜப்தி உத்தரவு, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, கடன் ஒப்பந்தம், மத்தியஸ்தர் நோட்டீஸ் இருந்தால் அது, ரேஷன் கார்டு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கையால் எழுதிய பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பட்டியலில் தண்டல்காரரையும், கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்தே எழுதுங்கள்.